தங்கத் தாள் ஒட்டிய பெட்டி

மே 13, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஆராதனைக் கூடம். பையன்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சனிக்கிழமை நிறைவு நாளன்று பெற்றோர் வந்து கூட்டிப் போகும்வரை வாலிபர் முகாம்தான் வீடு. என் கட்டிலுக்கு மேல் மட்டும் மின்விசிறி இல்லை. பக்கத்துக் கட்டில் பியூலா, உடன்குடிப் பக்கம். வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து மஸ்கோத்து அல்வாவை எடுத்து நீட்டினாள். நல்லவள்தான். வாய் மட்டும் மூடாது.

செல்போன்களை வாங்கிப் பெயர் எழுதி ஒட்டி அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தியான நோட்டு. காலையில் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, ஆண்டவர் பேசுவதை இதில் எழுத வேண்டுமாம். அவர் பேசுகிறவரைக்கும் நான் பேசுகிறேன். யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம் என்று எங்கள் குழுத் தலைவி ஜெனிட்டா அக்கா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

குழுக்களுக்கு வேதத்தில் வருகிற ஆவியின் கனிகளான நற்குணங்களைத்தான், அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று வரிசையாகப் பெயராக வைத்திருக்கிறார்கள். எனக்கு நீடிய பொறுமை கிடைத்தது. இச்சையடக்கம் கிடைத்த பையன்களை எல்லோரும் கேலி செய்து கொல்கிறார்கள்.

யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு வலிப்பு உண்டு. பதினொரு வயதில் ஒரு கல்யாண வீட்டில் முதல் தடவை விழுந்தேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நினைவிருக்கிறது. பெரியம்மா அது பேய் என்று சொல்லி ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே என் முடியைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குத் தலையில் கைவைத்து அழுத்திக் கத்தினார்கள். அம்மா அவர்கள் கையைப் பிய்த்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாளே டாக்டர், மாத்திரை. அதோடு வாய்ப்பூட்டும். அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை, அவருக்கும் எங்களுக்கும் தவிர, பெரியம்மாவுக்குக்கூட, அது வலிப்பு என்று தெரியாது. மாத்திரையை அம்மாதான் வைட்டமின் டப்பாவில் போட்டுத் தருவாள்.

பஸ் ஏறும்போதும் அதேதான். "ஏட்டி எப்சி, மாத்திரய மறந்துராத. எவளாச்சும் கேட்டா வைட்டமின்னு சொல்லு. தெரிஞ்சா நாளைக்கு ஒரு பய கேட்டு வரமாட்டான் பாத்துக்கோ."

மாத்திரை போடுகிறவரை எனக்கு ஒன்றுமில்லை. போட்டுவிட்டேன்.

மே 14, செவ்வாய்

வசனம் மனப்பாடமாகச் சொன்னால்தான் இட்லி. பியூலா பாதியில் திணறினாள், பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூலியாக அவள் வடை எனக்கு.

எங்கள் குழுவுக்குத் தண்ணீர் டிரம் நிரப்பும் வேலை. ஆசீர் என்று ஒரு பையன் வாளியோடு நேராக வந்து டிரம்மில் முட்டிக்கொண்டான். கண்ணாடி போட்டிருந்தும் இந்தக் கதி.

மாலைக் கூட்டத்தில் பிரதர் எட்வின் பேசினார். நன்றாகப் பேசுகிறார், சிரிக்க வைத்து அழ வைக்கிறார். மேடைக்குக் கீழே ஒரு பெரிய அட்டைப் பெட்டி, சுற்றிலும் தங்க நிறத் தாள் ஒட்டியிருந்தது. ஒப்புக்கொடுத்தல் பெட்டி. "ஆண்டவரை விட எதை நம்பி வாழுற? எது இல்லேன்னா உன்னால ஒரு நாள் இருக்க முடியாது? அதக் கொண்டு வந்து இதுல போடு" என்றார். நிறைவு நாளன்று பெற்றோர் முன்னால் பெட்டியோடு வைத்து எரித்துவிடுவார்களாம்.

ஒருத்தி லிப்ஸ்டிக் போட்டாள். பையன்கள் மெமரி கார்டு, கிரிக்கெட் பந்து, யாரோ கொடுத்த கடிதம் என்று போட்டார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் ஜெபத்தில் நடுங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களைச் சுற்றி நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். முகாம் தலைவரான எங்கள் பாதிரியார் தனசீலன் ஐயருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எது இல்லையென்றால் என்னால் ஒரு நாள் இருக்க முடியாது? எனக்கு ஒரே பதில்தானே இருக்கிறது. ஆறு வருஷமாக ராத்திரிதோறும் அதை நம்பித்தான் படுக்கிறேன்.

ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்து போட்டுவிட்டேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. உடம்பே லேசானது போல இருந்தது. ஜெனிட்டா அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் குணமாகிவிட்டேன். எழுதிவிட்டேன், ஆக அது உண்மை.

மே 15, புதன்

காலையில் கண் விழித்ததும் முதலில் டப்பாவைத் தேடினேன். பழக்கம், வேறொன்றுமில்லை.

டப்பாவைப் பற்றித்தான் பெண்கள் ஹாலில் பேச்சு. பியூலா கேட்டாள், "ஏட்டி, அது முடி வளருத மாத்திரயா, கலர் கூடுத மாத்திரயா? எங்க மயினியும் அப்படி ஒண்ணு திங்காவ. ஒண்ணும் கூடல, வண்ணம்தான் கூடிருக்கு."

"வண்ணமா?"

"எட போட்டுட்டாவன்னு சொல்லுதேன்."

சிரித்தேன். ஜெனிட்டா அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "அழகு மேல இருந்த ஆசைய விட்டுட்டல்லா, அதுக்கு ஒரு மனசு வேணும்" என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா ஆறு வருஷமாகக் காத்தது போய்விடும். அதோடு, அக்கா நல்லவள்தான், ஆனால் கேட்டதும் என் தலையில் கைவைப்பாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வைப்பார்கள். என் உச்சந்தலை இப்போதே கூசுகிறது.

நான் நன்றாக இருக்கிறேன்.

மே 16, வியாழன்

காலையில் காபி டம்ளர் கையிலிருந்து பறந்துபோய் ஜெனிட்டா அக்கா புடவையில் விழுந்தது. நழுவவில்லை, பறந்தது. கை வெடுக்கென்று தானாக இழுத்துக்கொண்டது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். மின்விசிறி இல்லாத கட்டிலில் யார் தூங்குவது?

பல் தேய்க்கும்போதும் இரண்டு தடவை.

ஆசீர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கண்ணாடியை எங்கேயோ தொலைத்துவிட்டானாம்.

மதியம் அலுவலகத்துக்குப் போய் அம்மாவிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். ஐயர் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தபால்களைப் பிரித்தார். வெளியே போங்கள் என்று ஐயரிடம் சொல்ல முடியுமா?

"என்னட்டி, சாப்பாடெல்லாம் எப்படி? மாத்திர போடுதியா?"

போடவில்லை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐயர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

"வைட்டமின் போடுதேம்மா."

"நல்ல பிள்ள. சனிக்கிழம காலைலயே வந்துருதேன்." வைத்துவிட்டாள்.

எத்தனை பெரிய பொய்யை எத்தனை சுலபமாகச் சொல்கிறேன். சொல்லித் தந்ததும் அவள்தானே என்று கோபமாக வந்தது. பிறகு பயம் வந்து கோபத்தைத் தின்றுவிட்டது. இன்று எழுதுகிறேன், ஆண்டவர் பார்த்தாலும் பரவாயில்லை: எனக்குப் பயமாக இருக்கிறது. டப்பா வேண்டும்.

மே 17, வெள்ளி

பெட்டியை டேப் போட்டு ஒட்டி, கூடத்தில் நாற்காலி மேல் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சங்கிலி ஜெபம். இரண்டிரண்டு பேராக மாறி மாறி முழங்காலில் நிற்க வேண்டும், பெட்டி தனியாக இருக்கவே கூடாது. நானே கேட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தை வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் கூடம் காலியாக இருக்கும். ஜெனிட்டா அக்கா உருகிப்போனாள். "சாப்பாட்டக் கூட விட்டுட்டு ஜெபிக்கப் போறா பாருங்க." துணைக்குப் பியூலா வந்தாள்.

பியூலா கண்ணை இறுக மூடி, சோறு ஆறிப்போகும் கவலையில் வேகவேகமாக ஜெபித்தாள். நான் மெல்ல நகர்ந்து டேப் ஓரத்தை நகத்தால் கீறினேன். கொஞ்சம் பிரிந்தது. விரல் உள்ளே போனது. வழவழவென்று எதுவோ தட்டுப்பட்டது, டப்பா இல்லை, பந்து.

"ஏட்டி, என்ன செய்த?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒட்டு விட்டுருக்கு. அமுக்கி விடுதேன்."

"ஐயோ, பிரிஞ்சிட்டா?" என்று எழுந்து போய் அலுவலகத்திலிருந்து டேப் சுருளை வாங்கி வந்து, பெட்டியைக் கட்டுச்சோற்று மூட்டை போல் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டாள். உதவி செய்கிறாளாம். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் சொன்னால் உடன்குடி வரைக்கும் தெரிந்துவிடும்.

மாலையில் அறிவிப்பு. நாளை நிறைவு ஆராதனையில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். நீடிய பொறுமைக்கு எப்சிபா. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஜெனிட்டா அக்கா சொல்லித் தந்தாள்: அழகைத் தேடினேன், மாத்திரையை விட்டேன், இப்போது ஆண்டவர் போதும். முடிந்ததும் பெட்டிக்கு நானே தீ வைக்க வேண்டுமாம்.

நானே.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மேடையில் மைக்கைப் பிடித்து, அது வலிப்பு மாத்திரை, பெட்டியைத் திறங்கள் என்று சொல்லலாம். அம்மா முன்வரிசையில் இருப்பாள். அவள் முகம் எப்படி ஆகும்? அதைவிட அக்கா சொல்லித் தந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும் வேறு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். நாளை மதியம் வரைக்கும் தாங்கினால் போதும். ஆண்டவரே, நாளை மதியம் வரைக்கும். அதற்குமேல் நான் உம்மைத் தொந்தரவு செய்ய மாட்டேன். அம்மா நாளைக்குப் பச்சைப் புடவைதான் கட்டி வருவாள், அது

என்ன எழுதிக்கொண்டிருந்தேன்? பேனா தாளில் கோடு இழுத்துக் கீழே போயிருக்கிறது. பியூலா எதிரே நின்று, "எத்தன தடவ கூப்பிடுதேன், எங்கன பாத்துக்கிட்டு இருக்க?" என்கிறாள். யோசனையில் இருந்தேன் என்று சொன்னேன். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை.

மே 18, சனி

நிறைவு நாள். தோப்பு முழுக்கக் கலர்த்தாள் தோரணம். சமையல்காரர்கள் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கிறார்கள், காற்றெல்லாம் கண்ணெரிச்சல். நாங்கள் ஹாலைக் கூட்டி, கட்டில்களை மடக்கி, பைகளைக் கட்டிவிட்டோம். கூட்டும்போது துடைப்பம் இரண்டு தடவை கையிலிருந்து தெறித்தது. மூன்றாம் தடவை பியூலா துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போய் இரிட்டி" என்று உட்கார வைத்தாள்.

அம்மா வந்துவிட்டாள். பச்சைப் புடவைதான். பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகிற மாதிரியே குடை, கைப்பை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னட்டி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு? ஒறங்குனியா?"

"ஒறங்குனேம்மா."

"மாத்திர?"

பக்கத்தில் பியூலாவின் அம்மா. இந்தப் பக்கம் ஐயரின் மனைவி ஐயரம்மா. "போட்டேன்" என்றேன். அம்மா என் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது கூடத்துக்குப் பின்னால் சாட்சி சொல்கிறவர்கள் வரிசையில் நிற்கிறேன். மடியில்லாமல் சுவரில் நோட்டை வைத்து எழுதுவதால் எழுத்து இப்படி. உள்ளே கீபோர்டு சத்தம். சந்தோஷம் குழுப் பையன் பேசிக்கொண்டிருக்கிறான். அடுத்தது சமாதானம். அதற்கடுத்து நான். பெட்டியை மேடையோரம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், வாசல் வழியாகத் தங்கத் தாள் மின்னுவது தெரிகிறது. அம்மாவின் முதுகும் தெரிகிறது.

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை இழுக்கிறது. வயிற்றில் ஏதோ மேலே எழும்பி வருகிறது.

மே 19, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நாக்கு கடிபட்டிருக்கிறது. தோள் வலி.

பச்சைப் புடவை பக்கத்தில் இருக்கிறது.

மே 20, திங்கள்

இன்று எழுத முடிகிறது. நோட்டைப் பியூலாதான் பத்திரமாக எடுத்து வைத்திருந்து கொண்டுவந்தாள். ஊருக்குப் போகாமல் தன் அம்மாவோடு இங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டாளாம். சுவரில் நோட்டை வைத்து எழுதியதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் வாய் மூடாதது முதல் தடவையாக உபயோகப்பட்டது.

நான் மேடையில் விழுந்தேனாம். விழுந்ததும் யாருக்கும் பதற்றம் இல்லை. செவ்வாய்க்கிழமை விழுந்தவர்களைப் பார்த்தவர்கள்தானே, ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவன் சத்தத்தைக் கூட்டினான். பிரதர் எட்வின் மைக்கில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார், கூடமே சேர்ந்து சொன்னது. நான் கை கால் உதற உதற அவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். ஜெனிட்டா அக்காவும் இன்னும் சிலரும் கையை நீட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நெருங்கினார்கள்.

"நானும்தான்ட்டி கைதட்டுனேன்" என்றாள் பியூலா. சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அதற்குள் அம்மா மேடைக்கு வந்துவிட்டாள். யாரிடமும் அதிர்ந்து பேசாத சுகிர்தா டீச்சர், பிரதர் எட்வின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருக்கிறாள்.

"ஒருத்தரும் எம் பிள்ள மேல கைய வைக்கப்படாது! தள்ளுங்க! இது ஆவியும் இல்ல, பேயும் இல்ல. வலிப்பு. எம் பிள்ளைக்கு ஆறு வருஷமா வலிப்பு இருக்கு. பாட்ட நிறுத்துங்க. காத்த விடுங்க!"

அவ்வளவு பேர் முன்னால். எங்கள் சபையின் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மைக்கைக் கீழே போட்டுவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் கைப்பையைத் தலைக்கு அணையாகக் கொடுத்தாளாம். தனசீலன் ஐயர்தான் தன் காரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

பெட்டியை எரிக்கவில்லை. ஐயர் திறக்கச் சொன்னதும் பியூலா சுற்றிய டேப்பைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டதாம். என் டப்பாவோடு ஆசீரின் மூக்குக் கண்ணாடியும் உள்ளே இருந்ததாம். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தானாம். அவனைப் பார்த்துச் சிரித்தது இப்போது உறுத்துகிறது.

மாலையில் ஐயரும் பிரதர் எட்வினும் வந்தார்கள். பிரதர், "நான் மருந்தப் போடச் சொல்லலம்மா" என்று ஆரம்பித்தவர், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சொல்லவில்லைதான். அதையும் எழுத வேண்டும்.

ஐயர் அம்மாவிடம், "முன்னமே எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார்.

"சொல்லியிருந்தா மாத்திர குடுத்திருப்பியளா, கைய வச்சிருப்பியளா?"

ஐயர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ரெண்டும் செஞ்சிருப்போம் டீச்சர்" என்றார். அம்மாவுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

மே 21, செவ்வாய்

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்று திட்டவும் செய்தார். சரி என்றேன்.

காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன மாத்திர பிள்ள அது?" என்று கேட்டாள். "வைட்டமின்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இல்லக்கா, வலிப்பு மாத்திர" என்றாள், கடையில் கத்தரிக்காய் கேட்கிற குரலில். எனக்குத்தான் முகம் சூடானது. அந்த அம்மாள், "எங்க கொழுந்தனாருக்கும் உண்டு" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் காபியில் நனைத்தாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. மேடையில் நான் என்ன சொன்னேன்? உண்மையையா, அக்கா சொல்லித் தந்ததையா? மதியம் பியூலா விடைபெற வந்தபோது கேட்டேன்.

"ரெண்டும் இல்ல. மைக்கப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்ன. பொறவு, 'அம்மா, பயமா இருக்கு'ன்ன. அம்புட்டுதான். மேடைக் கூச்சம்னு எல்லாரும் சிரிச்சோம். ஒங்க அம்மா மட்டும் அப்பவே எந்திச்சு ஓடியாந்துட்டாவ. நீ அதுக்குப் பொறவுதான்ட்டி விழுந்த."

அவள் போன பிறகு அம்மா ஜன்னலோரம் என் பாவாடையைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் விழுவேன்னு ஒனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அம்மா திரும்பவில்லை. "அன்னைக்குக் கல்யாண வீட்டுலயும் நீ இதேதான் சொன்ன. பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு. என் முந்தானையப் பிடிச்சு இழுத்து, அம்மா பயமா இருக்குன்ன. ஆளுவ பாக்காவ, சும்மா இருட்டின்னு சொல்லி உக்கார வச்சேன்."

பாவாடையை உதறி மறுபடியும் பிழிந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.